“அம்மை உருண்டை கொடுத்தால் தடுப்பூசி வேண்டாமா, டாக்டர்?”

ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 31, பி.காம். படித்தவர். ஐந்தேகால் வயதில் மகன், எட்டு மாதத்தில் மகள். மகளுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்து, தொடை வீங்கி, குழந்தை விடிய விடிய அழுதிருக்கிறது. அந்தப் பயத்தில் பதினான்காவது வார ஊசியைத் தள்ளிப்போட்டவர், பிறகு போடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைகளின் தொற்றுநோய்களுக்கு ஹோமியோபதி சொல்லித்தரும் ஓர் ஆன்லைன் வகுப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பன்னிரண்டு வாரம், 14,500 ரூபாய், ஜூமில் தமிழிலேயே பாடம். தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்று வாரம் ஒரு நோய். எட்டு வாரம் முடிந்துவிட்டது. ‘நோசோடு’ என்ற உருண்டைகளை முறையாகக் கொடுத்துவந்தால் தடுப்பூசியே தேவையில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் மகனுக்குச் சின்னம்மை வந்து, ரஸ் டாக்ஸ் என்ற ஹோமியோபதி மருந்தைக் கொடுத்ததில் ஏழே நாளில் இறங்கிவிட்டதாம். அதிலிருந்து தெருவில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இவர் வீட்டுக்கு வருகிறார்கள். மாமியாருக்குப் பெருமை. கணவரோ “எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில் போடு” என்கிறார். மகளுக்கு ஒன்பதாவது மாத ஊசி நெருங்குகிறது. போடலாமா, உருண்டை போதுமா, படிப்பைத் தொடரலாமா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் தப்பா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு. “டாக்டரிடம் போனால் மூன்று நிமிஷம். வகுப்பிலோ, குழந்தைக்குத் தாகம் எடுக்கிறதா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறான், யாரைத் தேடி அழுகிறான் என்றெல்லாம் கேட்கச் சொல்லித்தந்தார்கள்.” இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஊசி போட்ட ராத்திரி குழந்தை ஏன் அழும், என்ன செய்யலாம் என்று யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் அந்த வகுப்பைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது தர முயல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உருண்டை தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. மகளுக்கு விட்டுப்போன ஊசியை இந்த வாரமே போடுங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசி. மகனுக்கு ஐந்து வயதில் போடும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றையும் தடுக்கும் டி.பி.டி. பூஸ்டர் போட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் பாருங்கள். காரணங்களைப் பொறுமையாகப் பேசுவோம்.

மகனுக்குச் சின்னம்மை இறங்கியது எப்படி?

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஏழு நாளில் இறங்கியது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால், எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் இருக்கும், கொப்புளங்கள் அலை அலையாக வரும், ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டிவிடும். நம் பாட்டிமார் வேப்பிலையை விரித்து, பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றியபோதும் இதே கணக்கில்தான் இறங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உருண்டை கொடுக்காத எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் ஏழு நாள்தான் ஆகியிருக்கும். அதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

குழந்தைகளின் தொற்றுநோய்களில் பெரும்பாலானவை தானாகவே ஆறக்கூடியவை. அதனால் இந்தத் துறையில் எதைக் கொடுத்தாலும் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ‘வேலை செய்யும்’. ஆபத்து மீதி ஒன்றிரண்டு பேரிடம் இருக்கிறது. ஒரு மருத்துவர் வருடக்கணக்கில் வார்டில் நின்று கற்பது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு பேரைச் சீக்கிரம் அடையாளம் காண்பதைத்தான். ஜூம் வகுப்பில் நோயாளிக் குழந்தையே இல்லை. நீலம் பாய்ந்த உதட்டையும் உள்ளே இழுக்கும் நெஞ்சையும் திரையில் பார்த்துப் பழக முடியாது.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

நோசோடு என்பது நோயாளியின் சளி, சீழ் போன்ற நோய்ப் பொருளிலிருந்து தயாரிப்பது. தட்டம்மைக்கு மார்பிலினம், தொண்டை அடைப்பானுக்கு டிப்தீரினம் என்று உங்கள் பெட்டியில் இருக்கும். “தடுப்பூசியும் கிருமியைக் கொஞ்சமாகத்தானே கொடுக்கிறது, இதுவும் அதே தத்துவம்தான்” என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

ஹோமியோபதி புட்டியில் 30சி என்று இருந்தால், ஒரு துளியை 99 துளியில் கலந்து, அதில் ஒரு துளியை மறுபடி 99 துளியில் கலந்து, இப்படி முப்பது தடவை. கடைசியில் மூலப்பொருள் ஒரு பங்கென்றால் கரைசல், ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் போட்ட அளவு. பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு இல்லை. தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியின் அரை மில்லியில் குறைந்தது ஆயிரம் அலகு உயிருள்ள, பலவீனப்படுத்திய தட்டம்மை வைரஸ் இருக்கும். அது உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகும். உடம்பு அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடி உண்டாக்கும், ஞாபக செல்களைச் சேர்த்துவைக்கும். ரத்தத்தை எடுத்து அளந்து பார்க்கலாம்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நோசோடு, இன்னொன்றுக்கு வெறும் மாத்திரை, மூன்றாவதற்குத் தடுப்பூசி. 2018ல் முடிவு வெளியானது. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆன்டிபாடி ஏறியது. நோசோடு எடுத்தவர்களுக்கு, வெறும் மாத்திரை எடுத்தவர்களைப் போலவே, ஏறவில்லை. கனடா அரசு நோசோடு புட்டிகளின் மேல் ‘இது தடுப்பூசிக்கு மாற்று அல்ல’ என்று அச்சிடவேண்டும் என்றே விதி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமன் தன் கொள்கையை முதன்முதலில் எழுதி வெளியிட்டது 1796ல். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட ஜென்னர் முதல் அம்மைப் பால் குத்தியதும் அதே வருடம்தான். ஹானிமன் அதை எதிர்க்கவில்லை. தன் ‘ஆர்கனான்’ நூலின் 46வது பத்தியிலும் அதன் அடிக்குறிப்பிலும், ஜென்னரின் முறை பரவியபிறகு பெரியம்மை முன்போலக் கடுமையாக வருவதில்லை என்று பாராட்டியே எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்த, ஹோமியோபதியில் பட்டம் பெற்ற (பி.எச்.எம்.எஸ்.) டாக்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஊசியையும் விட்டதில்லை. தடுப்பூசி வேண்டாம் என்று சொல்வது உங்கள் வகுப்பு. ஹோமியோபதி முழுவதும் அப்படிச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ராத்திரிக் காய்ச்சல்

ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமல் கிருமி முழுசாக, செத்த நிலையில் இருக்கிறது. அரசு ஊசியில் காய்ச்சல், வீக்கம், அழுகை வருவது பெரும்பாலும் அதனால்தான். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். பாரசிட்டமால் கொடுக்கலாம், குழந்தையின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 250 இருக்கும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவரும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். புட்டியை எடுத்துப்போய் செவிலியரிடம் காட்டி, எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீங்கிய இடத்தில் ஈரத்துணி வைக்கலாம். தேய்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.

மூன்று மணிநேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ அது வேறு. உடனே காட்டவேண்டும். அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. பத்து வாரத்தோடு நின்றுபோனதால் முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் அந்த ஐந்து நோய் ஊசியை ஒரு வயதுக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது. அதனால்தான் இந்த வாரமே என்றேன்.

ஒன்பதாவது மாத எம்.ஆர். ஊசி வேறு ரகம். அன்று ராத்திரி பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வந்து போகும். ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாகச் சொன்னீர்களே, 1998ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அந்த இதழே 2010ல் கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியிட்ட ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பே இல்லை.

காத்திருக்கக் கூடாத நோய்கள்

உங்கள் பாடத்திட்டத்தை அனுப்பியிருந்தீர்கள். ஐந்து நோயையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பயம் தந்தது அதுதான்.

சின்னம்மையும் தொண்டை அடைப்பானும் ஒன்றல்ல. தொண்டை அடைப்பானில் கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கிறது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படரும், கழுத்து வீங்கும். அந்த விஷம் இதயத்திலும் நரம்பிலும் ஒட்டிக்கொண்டபிறகு விஷமுறிவு மருந்தால் அதைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மணிநேரமும் கணக்கு. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாகத் தொண்டைவலி, வீட்டில் கைமருந்து. விஷமுறிவு கொடுத்தோம், சவ்வு உதிர்ந்தது, பையன் இட்லி கேட்டான். எல்லோரும் மூச்சுவிட்டோம். பன்னிரண்டாவது நாள் அவன் இதயம் நின்றுவிட்டது. “முந்தாநாளே வந்திருந்தால்?” என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பழைய காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2016ல் நம் பக்கத்து மலப்புரத்தில் தடுப்பூசி முழுமையாகப் போடாத பிள்ளைகள் இதே நோயில் இறந்தார்கள்.

கக்குவான் இருமல் பெரிய பிள்ளைகளுக்கு வாரக்கணக்கான இருமல். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. சிலசமயம் இருமவே இருமாது, திடீரென்று மூச்சை நிறுத்திவிடும். அதைக் கைக்குழந்தைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் அண்ணனோ அக்காவோ அம்மாவோதான். மகனுடைய பூஸ்டரை நான் கேட்டது உங்கள் மகளுக்காகவும்தான். இந்த இருமலுக்கு டிரோசீரா என்ற ஹோமியோபதி மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆன்டிபயாடிக்கை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நோய் தணியவும் பிறருக்குப் பரவாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

தட்டம்மை வந்த ஒருவர் அறையைவிட்டுப் போய் இரண்டு மணிநேரம்வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கும். தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும் என்பதால், யாரிடமிருந்து ஒதுங்குவது என்று நமக்குத் தெரியவே தெரியாது. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் கூடவே வரலாம், கண்ணையும் பாதிக்கலாம். அதனால்தான் தட்டம்மை என்று உறுதியானால் அடுத்தடுத்த இரண்டு நாள் அதிக அளவில் வைட்டமின் ஏ கொடுக்கிறோம். உங்கள் பாடத்தில் அந்த ஒரு வரி இல்லை. 2022ல் மும்பையின் கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கீழே உள்ளதில் ஒன்று இருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், இல்லாவிட்டால் கிடைக்கும் வண்டியில் கிளம்புங்கள்.

- மூச்சு வேகமாக, நெஞ்சு உள்ளே இழுக்க, அல்லது மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது
- பால் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, ஆறு எட்டு மணிநேரமாகச் சிறுநீர் போகாமை
- வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு
- தொண்டைவலியோடு கழுத்து வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை
- மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும்

அப்புறம், சின்னம்மைக்குச் சிறு குறிப்பு. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஐபுபுரோபெனும் வேண்டாம். தடிப்பு வந்த பிள்ளையைக் கர்ப்பிணிகளிடமிருந்தும் பச்சைக் குழந்தைகளிடமிருந்தும் தள்ளிவையுங்கள்.

தெருப் பிள்ளைகளும் சட்டமும்

“காசு வாங்குவதில்லையே, உதவிதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தியாவில் ஹோமியோபதி மருத்துவராக வேண்டுமென்றால் நீட் எழுதி, நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்து, மாநில ஹோமியோபதி மருத்துவ மன்றத்தில் பதிவு செய்யவேண்டும். நம் மாநிலத்தில் திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. 2020ல் வந்த தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது குற்றம். பன்னிரண்டு வாரச் சான்றிதழைச் சட்டகம் போட்டு மாட்டலாம். அதைவைத்து ஒரு பிள்ளைக்கும் மருந்து கொடுக்க முடியாது. சட்டம் எவ்வளவு கறாரானது என்றால், 1996ல் உச்ச நீதிமன்றம், முறையாகப் பதிவுசெய்த ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தனக்குப் பயிற்சி இல்லாத முறையில் வைத்தியம் செய்பவர் போலி மருத்துவர்தான் என்று சொன்னது. பதிவே இல்லாதவர் நிலையை யோசியுங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இத்தாலியில் 2017ல் ஏழு வயதுப் பையனுக்குக் காதில் தொற்று வந்து, ஆன்டிபயாடிக் இல்லாமல் ஹோமியோபதி மட்டும் கொடுத்ததில், தொற்று மூளைக்குப் பரவி இறந்துபோனான். அந்த மருந்து அவனுக்கு நேரடியாக ஒன்றும் செய்யவில்லை. நாட்கள்தான் போயின. உங்களிடம் வரும் தாய்மார்கள் உங்களை நம்பி ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பார்கள். அந்த இரண்டு நாள் யாருடைய பிள்ளைக்கு விலை உயர்ந்ததாக இருக்கும் என்று உங்களாலும் என்னாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

‘வீரியம் குறைந்த’ என்று சொல்லப்படும், அதிகம் கரைக்காத மருந்துகளையும், கரைக்காத மூலச் சாறான தாய்த் திராவகங்களையும் ‘பக்கவிளைவே இல்லை’ என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் 2017ல் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகளைச் சோதித்தபோது, சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் பொருள், புட்டியில் எழுதியதைவிட மிக அதிகமாக இருந்தது.

படிப்பை என்ன செய்வது?

ஆர்வத்துக்காக மீதி நான்கு வாரத்தையும் கேட்பதானால் கேளுங்கள், அதை நான் தடுக்கவில்லை. ஹோமியோபதியின் வரலாறு சுவையானதுதான். நீங்கள் கற்றுக்கொண்ட கவனிப்பு, பிள்ளையின் தாகம், தூக்கம், முகம், சிறுநீர் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் பழக்கம், உண்மையிலேயே நல்லது. அந்த நோட்டை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள். மூன்று நிமிடத்தில் முப்பது நிமிட விவரம் கிடைத்த மாதிரி. நோசோடு பெட்டிக்காகக் கூடுதல் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ‘தடுப்பூசிக்கு மாற்று’ என்று விளம்பரத்திலோ வகுப்பிலோ எழுத்தாகச் சொல்லியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கிய படிப்பை வீணாக்கலாமா என்று மாமியார் கேட்பார். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் வயதுக்காரர்கள் இளம்பிள்ளை வாதத்தால் காலிழந்த பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு பார்த்தவர்கள். அப்படி ஒரு பிள்ளையை உங்கள் மகன் ஏன் இதுவரை பார்த்ததில்லை என்று மெதுவாகக் கேளுங்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரஸால் கடைசியாக அந்த நோய் ஒரு குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில். கணவரிடமும் ஒரு வார்த்தை: “குப்பையில் போடு” என்பதற்குப் பதில் ஊசி போடும் அன்று லீவு எடுத்துக்கொண்டு கூட வரச்சொல்லுங்கள். ராத்திரி பாதிப் பங்கு அவர் கண்விழிக்கட்டும். போன தடவை நீங்கள் தனியாக விழித்திருந்தீர்கள் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது.

நம் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளையும், வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் புட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். மகளுக்கு விட்டுப்போனது என்னென்ன, மகனுக்கு டி.பி.டி. போட்டாயிற்றா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, எம்.ஆர். ஊசிக்கான தேதியை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன தடவை வந்த காய்ச்சலையும் வீக்கத்தையும் ஊசிக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரி ஏதாவது சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104க்கு அழைக்கலாம், எந்த நேரமானாலும்.